கருணைக்கு ஒரு கட்டம்

கருணை காட்டுவது எப்படி என்பதை டினோஷா இரண்டே நாளில் கற்றுக்கொண்டாள். கல்லடிக் கடற்கரைப் பக்கம் ஒரு ஹோட்டல், குளிரூட்டிய மண்டபம், மேசைக்கு மேசை தண்ணீர்ப் போத்தல், கழுத்தில் தொங்கப் பெயரட்டை. முதல் நாள் மத்தியானம் இறால் பொரியல், இரண்டாம் நாள் புரியாணி. கொழும்பிலிருந்து வந்த செயற்திட்டப் பணிப்பாளர் அன்ரோ சேர் திரையில் ஒரு சிவப்பு இதயத்தைக் காட்டி, “இவ்வளவு காலமும் பிள்ளைகளின் நடத்தையை எண்ணினோம். இனிமேல் கருணையோடு எண்ணுவோம்” என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். தட்டாமல் என்ன செய்வது? புரியாணி வெளியே ஆறிக்கொண்டிருந்தது.

செயலமர்வு முடிந்து வந்தபோது, அவள் வேலையில் நிரப்புகிற படிவத்தின் அடியில் புதிதாக ஒரு கட்டம் முளைத்திருந்தது. ‘இன்று கருணை காட்டப்பட்டதா? ஒன்று முதல் ஐந்து வரை புள்ளியிடுக.’ டினோஷா நாள்தோறும் நான்கு போட்டாள். ஐந்து போட்டால் பெருமையடிக்கிறாள் என்பார்கள். மூன்று போட்டால் ஏன் குறைந்தது என்று கொழும்பிலிருந்து கோல் வரும். நான்கு என்பது ஆபத்தில்லாத கருணை.

டினோஷாவுக்கு இருபத்தேழு வயது. புளியந்தீவில் வீடு. தச்சு வேலை செய்கிற தகப்பனின் மூத்த மகள், கணக்கில் கெட்டிக்காரி. நடத்தைப் பகுப்பாய்வு என்று ஒரு டிப்ளோமா முடித்து, அந்தச் செயற்திட்டத்தின் சம்பளத்தில் கிழமையில் மூன்று நாள் வாவிக்கரைப் பள்ளிக்கூடம் ஒன்றின் விசேட கல்வி அலகுக்கு ஸ்கூட்டரில் வந்து போனாள். வேலை இதுதான்: ஒரு பிள்ளை ஏதாவது செய்தால், அதற்கு முன் என்ன நடந்தது, பிள்ளை என்ன செய்தது, அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று மூன்று நிரலில் எழுத வேண்டும். இதைக் கேட்டுச் சிரிக்காதீர்கள் பிள்ளைகளே. நல்ல வேலைதான். பொறுமையாகப் பார்த்தால், பேசத் தெரியாத பிள்ளையின் மனதைக்கூட அந்த மூன்று நிரலில் வாசித்துவிடலாம். பார்க்கிற கண் எங்கே இருக்கிறது என்பதுதான் சங்கதி. டினோஷாவின் கண் அவள் கையிலிருந்த டப்பின் திரையில் இருந்தது.

அலகில் ஏழு பிள்ளைகள், ஒரு ரீச்சர். ஸஹீதா ரீச்சர் ஓட்டமாவடிப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் பத்தொன்பது வருடம் படிப்பித்துவிட்டு இந்த ஜனவரியில்தான் இங்கே மாற்றலாகி வந்திருந்தார். அவருக்கு முன்னிருந்த ரீச்சர் மார்கழியோடு ஓய்வு பெற்றுப் போய்விட்டார். போனவரிடம் எந்தப் பிள்ளைக்கு என்ன பழக்கம் என்று கேட்டு வைக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. படிவத்தில் அதற்கு இடமில்லை.

ஏழு பிள்ளைகளில் ஒருத்தி சஹ்லா. ஒன்பது வயது. வாய் பேசுவதில்லை. கண்மை போட்டு, இரட்டைப் பின்னல் பின்னி, மணக்க மணக்க அனுப்பி வைப்பாள் உம்மா. காலையில் வந்தால் மூலையில் உட்கார்ந்து மணி கோப்பாள். ஒரு தொந்தரவும் இல்லை. ஆனால் எட்டரை, ஒன்பது மணி ஆகும்போது எழும்பி வாசலுக்குப் போவாள். வகுப்புக்குள் பாய் விரித்திருப்பதால் எல்லாருடைய செருப்பும் வாசலில்தான் வரிசையாகக் கிடக்கும். அதில் ஒன்றை எடுத்துக்கொண்டு நேரே ஸஹீதா ரீச்சரிடம் வருவாள். வந்து, அதை ரீச்சரின் முகத்துக்கு நேரே நீட்டுவாள்.

ரீச்சருக்கு முன்னால் கால்மேல் கால் போட்டாலே ஒரு மாதம் கதைக்கிற ஊர் இது. செருப்பை எடுத்து முகத்துக்கு நீட்டினால்? முதல் நாள் ஸஹீதா ரீச்சரின் கண் கலங்கிப்போயிற்று. “பத்தொன்பது வருஷத்துல எவனும் என்னைக் கைநீட்டிப் பேசினதில்ல. இந்தச் சின்னப்புள்ள செருப்பால காட்டுது” என்றார். தட்டிவிட்டால் சஹ்லா திரும்பவும் எடுத்து வருவாள். பறித்தால் வேறொன்று. கடைசியில் எறிவாள், கத்துவாள், தன் கையையே கடிப்பாள். பாதி நாட்கள் அந்தக் கூத்தின் முடிவில் பாவாடையும் நனைந்துபோகும். மற்றப் பிள்ளைகள் மூக்கைப் பொத்துவார்கள்.

டினோஷா இரண்டு கிழமை எண்ணினாள். நாளொன்றுக்குச் சராசரி நான்கு தசம் இரண்டு செருப்பு. கோட்டுப்படம் வரைந்தாள், நிறம் தீட்டினாள். நோக்கம் என்ற இடத்தில் ‘கவன ஈர்ப்பு’ என்று தெரிவு செய்தாள். நனைந்த பாவாடைக்குத் தனியாக ஒரு வரி வேண்டுமென்பதால் ‘எதிர்ப்புச் சிறுநீர்’ என்று ஒரு பெயரையும் தானே உண்டாக்கினாள். அன்ரோ சேருக்கு அந்தச் சொல் மிகவும் பிடித்துப்போயிற்று.

“இனிமே செருப்போட வந்தா முகத்தத் திருப்புங்க ரீச்சர்” என்றாள் டினோஷா. “பார்க்கக் கூடா, கதைக்கக் கூடா, தொடக் கூடா. கவனம் கிடைக்காட்டி அந்தப் பழக்கம் தன்ட பாட்டுல செத்துப்போகும்.”

“நான் திருப்பித்தான் பார்த்தன் மிஸ். நான் திரும்பின பக்கத்துக்குச் செருப்பும் சுத்தி வருது.”

“முதல்ல கூடும். மறுகா குறையும். பாடத்துல அப்பிடித்தான் இரிக்கு.”

“பாடத்த எழுதினவருக்கு யாராவது செருப்பு நீட்டின மாதிரித் தெரியல்ல” என்றார் ஸஹீதா ரீச்சர். ஆனாலும் திருப்பினார். மனம் நொந்திருந்தவருக்கு முகத்தைத் திருப்பச் சொன்னால் கசக்குமா?

தண்டனை மட்டும் போதாது, பரிசும் வேண்டும் என்பது திட்டம். பத்து நிமிடம் செருப்பைத் தொடாமல் இருந்தால் அட்டையில் ஒரு நட்சத்திரம். மூன்று நட்சத்திரம் சேர்ந்தால் ஒரு சொக்லட் பால் பக்கெட். சஹ்லாவுக்கு அந்தப் பாலென்றால் உயிர். பள்ளிக்கூடம் தொடங்கி அரை மணிக்குள் முதல் பக்கெட்டை வாங்கி, குழாய் கிறீச்சிடும்வரை உறிஞ்சிக் குடித்துவிட்டு இரண்டாவதுக்கு உட்காருவாள். இடைவேளை பத்தரைக்கு. அதற்கு முன் பிள்ளைகளை வெளியே கூட்டிப்போகிற வழக்கமில்லை. பத்தரைக்கு ஏழு பேரையும் வரிசையாக்கி, விளையாட்டு மைதானத்தைக் கடந்து, பெரிய பிள்ளைகளின் மலசலகூடத்துக்குக் கூட்டிப்போவார் ரீச்சர்.

ஏன் அவ்வளவு தூரம் என்று கேட்பீர்கள். அலகுக்கென்று பக்கத்திலேயே ஒரு பழைய மலசலகூடம் இருந்தது. மார்கழி விடுமுறையில் அதை இடித்துவிட்டு, செயற்திட்டக் காசில் புதிது கட்டினார்கள். வெள்ளைத் தரையோடு, பிடித்துக்கொள்ள இரும்புக் கம்பி, சக்கர நாற்காலி ஏறச் சரிவுப் பாதை, கொமட், கைகழுவும் தொட்டி. மாசி மாதமே வேலை முடிந்தது. வாசலில் நீலச் சாட்டின் நாடாவும் கட்டியாயிற்று. பெயர்க்கல்லுக்குத் திரையும் போட்டாயிற்று. பிரதம அதிதிக்குத்தான் நாள் கிடைக்கவில்லை. மூன்று தடவை தவணை மாறிற்று. அவர் வந்து நாடா வெட்டாமல் ஒரு ஈயும் உள்ளே போகக் கூடாது என்று அதிபர் இப்றாஹிம் சேர் பூட்டி, சாவியைத் தன் அலுவலகச் சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்டிருந்தார். பள்ளிக்கூடத்திலேயே சுத்தமான இடம் அதுதான். ஒருவரும் போகாத இடம் சுத்தமாகத்தானே இருக்கும்.

ஐந்தாம் கிழமை சராசரி ஆறு செருப்பாயிற்று. “முதல்ல கூடும்” என்றாள் டினோஷா. ஆறாம் கிழமை ஏழு. ஏழாம் கிழமை வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து மேற்பார்வைக்கு ஒரு ஐயா வந்தார். சஹ்லா எறிந்த செருப்பு அவருடைய பிளேன்ரீக் கோப்பையில் விழுந்தது. ரீ அவர் வெள்ளைச் சேட்டில் தெறித்தது. அந்தச் சேட்டுக்குத் தாங்கிக்கொள்ளும் சக்தி இல்லை.

அடுத்த நாள் செவ்வாய்க்கிழமை. அதிபர் கடிதம் அடித்து வைத்திருந்தார். ‘மாணவியை மறு அறிவித்தல் வரை வீட்டில் வைத்துப் பராமரிக்கவும்.’ மறு அறிவித்தல் என்றால் இந்த நாட்டில் என்ன அர்த்தம் என்று சொல்லத் தேவையில்லை. பக்கத்தில் வேறு அலகு இல்லை. டவுனில் இருப்பதில் காத்திருப்புப் பட்டியல் இரண்டு வருடத்துக்கு நீளம். அந்தக் கடிதம் போனால் சஹ்லாவுக்குப் பள்ளிக்கூடம் முடிந்தது. ஒன்பது வயதில் வீட்டுக்குள் போகிறவள் வீட்டுக்குள்ளேயேதான்.

“நாளைக்கு ஒம்பதரைக்குக் கூட்டம், அன்ரோ சேரும் வாறார்” என்றார் இப்றாஹிம் அதிபர். “வியாழக்கிழமை திறப்பு விழா. பிரதம அதிதி நிக்கக்குள்ள இந்தப் புள்ள செருப்போட வந்தா என்ட நிலம என்ன? மிஸ், நீங்க போய் உம்மாட கையெழுத்த வாங்கிருங்க. நீங்கதானே நடத்தை அதிகாரி.”

டினோஷாவுக்குக் கொஞ்சம் நெஞ்சு குறுகுறுத்தது. ஆனால் கடிதத்தை வாங்கிப் பைக்குள் வைத்தாள். அன்றைக்கும் படிவத்தின் அடியில் நான்கு போட்டாள்.

சஹ்லாவின் வீடு காத்தான்குடியில், ஒரு ஸ்கூட்டர் மட்டும் நுழைகிற ஒழுங்கைக்குள் இருந்தது. வாப்பா கட்டாரில் லொறி ஓட்டுகிறார். உம்மா பஸ்னா வீட்டிலிருந்தே பிள்ளைகளின் சட்டை தைத்துக் கடைகளுக்குக் கொடுக்கிறாள். போனபோது தையல் மெசினுக்குப் பின்னால் இருந்தாள். முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு எழும்பினாள்.

“வாங்க மிஸ். வருஷம் தொடங்கினதுல இருந்து புள்ளயக் கொண்டு வந்து விடுறன், கேற்றுக்கு உள்ள வரவிட்டதில்ல. இன்டைக்கு நீங்களே வந்திரிக்கீங்க. அப்ப நல்ல செய்தியாத்தான் இரிக்கும்.”

குரலில் இருந்த கத்தியை டினோஷா கவனித்தாள். கடிதத்தை எடுத்து நீட்டினாள். பஸ்னா வாசித்தாள். இரண்டாம் தடவையும் வாசித்தாள்.

“மறு அறிவித்தல் வரையா?”

“தற்காலிகம்தான்…”

“என்ட மாமி மௌத்தாகுமட்டும் தற்காலிகமாத்தான் எங்கட வீட்டுல இருந்தா” என்றாள் பஸ்னா. “பன்னிரண்டு வருஷம்.”

டினோஷா படித்த வார்த்தைகளை வெளியே எடுத்தாள். இலக்கு நடத்தை, கவன ஈர்ப்பு, அடிக்கோட்டுத் தரவு. பஸ்னா கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த வார்த்தைகள் ஒவ்வொன்றும் அந்த ஓட்டு வீட்டுக்குள் வந்து, உட்கார இடம் தேடி, கிடைக்காமல் நின்றன.

“என்ட புள்ள வீட்டுல யாருக்கும் செருப்பு எறியல்ல மிஸ். காலையில தண்ணி குடிக்காமத்தான் வருவா, தெரியுமா? ஒரு மாசத்துக்கு மேலா ஒரு மிடறு தேத்தண்ணி வாங்குறதில்ல. வாய மூடிக்குவா. பள்ளிக்கூடம் போற நாளைக்கு மட்டும். பின்னேரம் வந்து ஒரு போத்தல் தண்ணியக் குடிப்பா. ஏன் என்டு உங்கட டப்புல இரிக்கா?”

டப்பில் இல்லை.

இவர்கள் கதைத்துக்கொண்டிருக்கும்போதே சஹ்லா உள்ளறையிலிருந்து வந்தாள். டினோஷாவைக் கண்டதும் ஒரு கணம் நின்றாள். பிறகு பின்வாசலுக்குப் போய், அங்கே கிடந்த நீல ரப்பர்ச் செருப்புச் சோடியில் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தாள். டினோஷாவின் கழுத்து தன்னையறியாமல் மறுபக்கம் திரும்பியது. ஐந்து கிழமைப் பழக்கம்.

சஹ்லா செருப்பை உம்மாவின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

பஸ்னா கோபிக்கவில்லை. கதைத்துக்கொண்டிருந்த கதையையும் நிறுத்தவில்லை. “வாப்பாவுக்கு நான் என்னத்தச் சொல்லுவன்” என்று சொல்லிக்கொண்டே செருப்பை வாங்கி, மகளின் கையைப் பிடித்துப் பின்வாசலுக்குப் போனாள். மற்றச் செருப்பையும் சேர்த்து மகளின் காலில் போட்டுவிட்டாள். வளவின் மூலையில் இருந்த மலசலகூடக் கதவின் தாழ்ப்பாள் உயரத்தில் இருந்தது. எட்டித் திறந்துவிட்டாள். சஹ்லா உள்ளே போனாள். பஸ்னா திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

டினோஷா எழும்பி நின்றிருந்தாள்.

“அது… அது என்ன?”

“என்ன?”

“செருப்பு.”

“கக்கூசுக்குப் போகணும் என்டா செருப்பக் கொண்டு தருவா. செருப்புப் போடாம கக்கூசுக்குள்ள போகக் கூடாது என்டு பழக்கின நான். தாழ்ப்பாள மேல போட்டிரிக்கன், இல்லாட்டி பீப்பாத் தண்ணி முழுக்கத் திறந்து விட்டுருவா. அதால செருப்பத் தந்தா நான் கதவத் திறக்கணும்.” பஸ்னா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். “பழைய கக்கூஸ் வாசல்லயும் ஒரு சோடி கிடந்ததே. முந்தி இருந்த ரீச்சருக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியாதா?”

“நீங்க சொல்லல்லயே…”

“யாரு கேட்ட?”

டினோஷா உட்கார்ந்தாள். டப்பைத் திறந்தாள். ஏழு கிழமைத் தரவும் அதில் இருந்தது. அவளே பதிந்தது, நிமிடக் கணக்கோடு. முதல் பால் பக்கெட் எட்டு ஐந்து, முதல் செருப்பு எட்டு முப்பது. இரண்டாம் பக்கெட் எட்டு ஐம்பது, செருப்பு ஒன்பது பதினைந்து. பக்கெட், செருப்பு. பக்கெட், செருப்பு. பரிசு கூடிய நாளில் செருப்பும் கூடியிருந்தது. பக்கெட் முடிந்துபோய் வாங்கி வைக்காமல் விட்ட இரண்டு நாட்களில் செருப்பு ஒன்றோ இரண்டோதான். கணக்கில் கெட்டிக்காரி என்றேனல்லவா. ஆறாம் வகுப்புப் பிள்ளை கண்டுபிடிக்கிற கணக்கு அது. அவள் பாலைக் குடிக்கக் கொடுத்துக் கதவைப் பூட்டி, பிள்ளை கதவைத் திறக்கச் சொல்லிக் கெஞ்சியபோது முகத்தைத் திருப்பச் சொல்லி, அதைக் கோட்டுப்படமாக வரைந்து நிறமும் தீட்டியிருக்கிறாள். ‘எதிர்ப்புச் சிறுநீர்’ என்ற வரியைக் கண்டபோது டப்பைக் கவிழ்த்து மடியில் வைத்தாள்.

“கடிதத்துல எங்க கையெழுத்து வைக்கணும்?” என்று கேட்டாள் பஸ்னா.

“வைக்காதீங்க” என்றாள் டினோஷா. “அதத் தாங்க. நாளைக்கு ஒம்பதரைக்குப் பள்ளிக்கூடத்துக்கு வாங்க. கேற்றுல மறிச்சா நான் வரச் சொன்ன என்டு சொல்லுங்க.”

“நீங்க சொன்னா விடுவாங்களா?”

டினோஷா கடிதத்தை வாங்கிப் பைக்குள் வைத்தாள்.

மறுநாள் காலையில் வகுப்புக்குள் நுழைந்தவுடனே ஸஹீதா ரீச்சரிடம் சொன்னாள். ரீச்சர் கடைசிவரை கேட்டார். பிறகு மணி கோத்துக்கொண்டிருந்த சஹ்லாவைப் பார்த்தார். “யா அல்லாஹ்” என்று நெஞ்சில் கை வைத்தார். “நான் அவவ செருப்பால அடிக்கிறவ என்டு நெனச்ச. அவ என்னக் கதவு திறக்கிறவ என்டு நெனச்சிரிக்கா.” அப்புறம் டினோஷாவின் பக்கம் திரும்பினார். “உங்களயும் சொல்லணும், என்னயும் சொல்லணும். உங்களுக்குப் படிப்புக் கண்ண மறைச்ச. எனக்கு மானம் மறைச்ச. ரெண்டு குருடும் சேர்ந்து ஒரு புள்ளைக்கு வழி காட்டினமே மிஸ்.”

ஒன்பதரைக் கூட்டத்துக்கு அதிபரின் அலுவலகத்துக்குள் அன்ரோ சேர் சென்ட் வாசனையோடு வந்தார். இப்றாஹிம் அதிபர் ரோல்ஸும் ரீயும் வரவழைத்திருந்தார். கையெழுத்தில்லாத கடிதத்தை அவர் மேசையில் வைத்துவிட்டு டினோஷா நின்றபடியே சொன்னாள். மறைக்காமல் சொன்னாள். அன்ரோ சேர் ரோல்ஸைக் கடித்துக்கொண்டே தலையாட்டினார்.

“அருமை. இது வெற்றிக் கதை டினோஷா” என்றார். “‘பிள்ளையின் தொடர்பாடல் தேவை இனங்காணப்பட்டது.’ அப்படி எழுதுவோம். அறிக்கைக்கு ஒரு படமும் எடுப்போம்.”

“ஏழு கிழமையா கக்கூசுக்குக் கேட்ட புள்ளைக்கு நாங்க முகத்தத் திருப்பின சேர். திருப்பச் சொன்னது நான். என்ட கையெழுத்து இரிக்கு. அதையும் எழுதணும்.”

“அது தேவையில்லாத விபரம்.”

“அதுதான் சேர் விபரம்.”

அன்ரோ சேர் கை துடைத்தார். “உங்களுடைய ஒப்பந்தம் ஜூன் மாதம் முடிகிறது, ஞாபகம் இருக்கும்தானே?”

“ஓம் சேர். ஞாபகம் இரிக்கு.” அந்தச் சம்பளத்தில்தான் தம்பி படிக்கிறான். ஆனாலும் உட்காரவில்லை. “எழுதணும் சேர்.”

“அதெல்லாம் பொறகு பார்ப்பம்” என்றார் அதிபர். “விஷயம் விளங்கிற்று. நாளையில இருந்து புதுக் கக்கூஸ் திறந்திரும், பிரச்சினையும் முடிஞ்சிரும். ஆனா புள்ள இந்தக் கிழமை வீட்டுல இரிக்கட்டும். நாளைக்கு விழா. கடிதம் கடிதமா இரிக்கட்டும், மறுகா கிழிச்சுப்போடலாம்.”

மறுகா என்ற சொல்லை அவர் வாயிலிருந்து கேட்டபோதே டினோஷாவுக்குத் தெரிந்துவிட்டது, அது ஒருநாளும் கிழிபடாது என்று.

அப்போது வாசலில் நிழல் தட்டியது. சஹ்லா நின்றாள். கையில் செருப்பு. அன்ரோ சேர் கழற்றி வைத்துவிட்டு வந்த பளபளக்கிற தோல் செருப்பு. அவளுக்குப் பின்னால், அவளைப் பிடிக்க ஓடிவந்த ஸஹீதா ரீச்சர். ரீச்சருக்குப் பின்னால் கேற்றைத் தாண்டி வந்துவிட்ட பஸ்னா.

“பாருங்க, பாருங்க!” என்றார் அதிபர். “இதத்தான் நான் சொல்ற!”

சஹ்லா அறையைச் சுற்றிப் பார்த்தாள். நேற்றுத் தன் வீட்டில் கண்ட முகம் ஒன்று அங்கே நின்றது. நேரே டினோஷாவிடம் வந்து செருப்பை நீட்டினாள். இடது காலை வலது காலோடு சேர்த்து நெருக்கிக்கொண்டு நின்றாள். அந்தக் கால்களையும் ஏழு கிழமையாக ஒருவரும் பார்க்கவில்லை.

டினோஷா இரண்டு கையாலும் செருப்பை வாங்கினாள்.

“சுவர்ல தொங்குற அந்தத் திறப்பத் தாங்க சேர்.”

“தங்கச்சி, நாடா கட்டிக் கிடக்கு. பிரதம அதிதி…”

“பிரதம அதிதிக்கு அறுவது வயசு சேர்” என்றார் வாசலில் நின்ற ஸஹீதா ரீச்சர். “அவரால நாளைமட்டும் அடக்க ஏலும். இவவால ஏலா.”

அதிபர் வாயைத் திறப்பதற்குள் டினோஷா ஆணியில் கிடந்த சாவியை எடுத்துவிட்டாள். வாசலில் கிடந்த மற்றச் செருப்பையும் பொறுக்கிக்கொண்டு, மறு கையால் சஹ்லாவைப் பிடித்துக்கொண்டு நடந்தாள், பிறகு ஓடினாள். டினோஷா நாடாவுக்குக் கீழே குனிந்து பூட்டைத் திறந்தாள். சஹ்லாவுக்குக் குனிய நேரமில்லை. நெஞ்சால் தள்ளிக்கொண்டு போனாள். ஒரு பக்கத்து முடிச்சு கழன்று, மூன்று தவணை காத்துக் கிடந்த நாடா அவள் தோளில் தொங்கியது. அன்ரோ சேரின் செருப்புச் சோடியை டினோஷா அவள் காலில் போட்டுவிட்டாள். படகு மாதிரி இருந்தது. அந்தப் படகோடு அவள் வெள்ளைத் தரையில் ஏறினாள்.

அவ்வளவுதான் திறப்பு விழா. பேச்சு இல்லை, மாலை இல்லை. தண்ணீர் ஓடிய சத்தம் மட்டும் கேட்டது.

அதிபரும் அன்ரோ சேரும் பின்னால் வந்து நின்றார்கள். அன்ரோ சேர் வெறுங்காலோடு நின்றார். அதிபரின் கையில் கடிதம் இன்னும் இருந்தது.

“சேர், அந்தக் கடிதத்த அனுப்புறதென்டா அனுப்புங்க” என்றார் ஸஹீதா ரீச்சர். மிக மரியாதையாகச் சொன்னார். “ஆனா காரணத்தையும் எழுதுங்க. ‘மலசலகூடம் கேட்ட குற்றத்துக்காக’ என்டு. ரீச்சர் என்ட முறையில நான் கையெழுத்து வைக்கிறன். மிஸ்ஸும் வைப்பா. உம்மா அத வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிய எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டட்டும்.”

இப்றாஹிம் அதிபர் கெட்ட மனிதரல்ல. பயந்த மனிதர். பயந்தவருக்குக் கருணை வரவேண்டுமானால் வேறொரு பயம் வந்தாக வேண்டும். கடிதத்தை நாலாய் மடித்தார். பொக்கெட்டுக்குள் வைக்கப் போனார்.

“கிழிங்க சேர்” என்றாள் டினோஷா. “சம்பவத் திரட்டுப் புத்தகத்துலயும் எழுதுங்க. புள்ள தொடர்ந்து வருவா என்டு. இன்டைக்குத் திகதி போட்டு.”

“நீங்க எனக்குக் கட்டள போடுறீங்களா?”

“இல்ல சேர். நான் ஒரு பிழ விட்டன். அது திரும்ப நடக்காம இரிக்க எழுதச் சொல்லிக் கேக்கிறன்.”

அதிபர் அவளைப் பார்த்தார், ரீச்சரைப் பார்த்தார், பஸ்னாவைப் பார்த்தார். கிழித்தார். பிறகு அலுவலகத்துக்குப் போய்ப் புத்தகத்தை எடுத்து, நான்கு வரி எழுதிக் கையொப்பமும் வைத்தார். அன்ரோ சேர் பலமுறை தொண்டையைக் கனைத்தார். அவருடைய செருப்பு திரும்பிக் கிடைக்க இன்னும் கொஞ்ச நேரமாயிற்று. சஹ்லாவுக்கு அது பிடித்திருந்தது.

டினோஷா சரிவுப் பாதையில் உட்கார்ந்திருந்த பஸ்னாவிடம் போனாள். கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

“என்ன மன்னிச்சுக்கங்க ராத்தா.”

பஸ்னா மகளின் பின்னலில் அவிழ்ந்திருந்த ரிபனைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

“நான் மன்னிச்சா அந்த ஏழு கிழமை திரும்பி வருமா?” என்றாள். “புள்ள தண்ணி குடிக்காம வந்தா மிஸ். வெயில் காலத்துல. தன்ட புத்தியில அவ ஒரு வழி கண்டுபிடிச்சா. நீங்க எல்லாரும் சேர்ந்து கண்டுபிடிச்சது பால் பக்கெட்.”

டினோஷா தலையைக் குனிந்துகொண்டாள். அழக் கூடாது என்று நினைத்தாள். அழுதால் பஸ்னாதான் தேற்ற வேண்டிவரும். அந்த வேலையையும் அவள் தலையில் கட்டக் கூடாது.

“மன்னிப்ப நான் பார்த்துச் சொல்றன்” என்றாள் பஸ்னா. “இப்ப கேளுங்க. திங்கக்கிழமை நான் மெசின மூடிட்டு வகுப்புல வந்து இருப்பன். ஒரு நாள் முழுக்க. என்ட புள்ள எதுக்கு என்ன செய்வா என்டு எனக்குத் தெரிஞ்சத நான் சொல்றன், நீங்க எழுதுங்க. தெரியாதத ரெண்டு பேரும் பார்ப்பம். அதுக்குப் பொறகு புதுசா ஏதாவது செய்றதென்டா, செய்ய முதல் என்னக் கேக்கணும். என்னால ஏலாத நாளையில அவவக் கேக்கணும். வாயில்லாட்டியும் அவ சொல்லுவா. ஏலுமா?”

“ஏலும்.”

“ஜூன்ல உங்களத் துரத்துவாங்களாமே, வரக்குள்ள காதுல விழுந்திச்சு.”

“துரத்தினா துரத்தட்டும். ஜூன் வர இன்னும் ரெண்டு மாசம் இரிக்கு.”

“அப்ப ரெண்டு மாசம் ஒழுங்கா வேல செய்யுங்க” என்று பஸ்னா எழும்பி, கேற்றை நோக்கி நடந்தாள். சஹ்லா அவளோடு போகவில்லை. பள்ளிக்கூடம் விட இன்னும் நேரம் இருந்தது. மணி கோக்க வகுப்புக்குள் போனாள்.